தேர்க்கட்டையும் ஜப்பான் பேராசிரியரும்

ஜப்பானில் எந்த வருடம் எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரி என்று கேட்டால் சுலோசனா தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள். ஆடி எப்போது பிறந்தது என்று கேட்டால்தான் திருதிருவென்று விழிப்பாள். எண்பத்தைந்தாம் வருடம் அந்த விழிப்பு அவள் பிழைப்பையே கவிழ்க்கப் பார்த்தது.

புதுச்சேரியில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் பொருளாதார விரிவுரையாளர். அப்பா கன்னியப்பன் மில்லில் தறி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜப்பானும் கொரியாவும் ஏற்றுமதியில் எப்படி எழுந்து நின்றன என்பதுதான் பல வருடங்களாக அவளுடைய ஆராய்ச்சி. “ஜப்பான்காரன் கவலைய இந்தப் பொண்ணு எதுக்குத் தலையில தூக்கிக்கினு திரியுது?” என்று உறவில் கேட்காதவர்கள் இல்லை.

டோக்கியோவிலிருந்து பேராசிரியர் குவபாரா சென்னைக்கு வந்திருந்தார். அவரிடம் இரண்டு வருட ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. அதற்கு மூன்று பேர் போட்டி. ஒவ்வொருவரையும் அவரவர் கல்லூரியில் பேசக் கேட்டுவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வசதிப்படுமா என்று கேட்டதற்கு, தாராளமாக வாருங்கள் என்று இவளும் வாயெல்லாம் பல்லாகப் பதில் அனுப்பிவிட்டாள்.

வியாழன் மாலை அரங்கத்தின் சாவியைக் கேட்டபோது வாட்ச்மேன் சாமிக்கண்ணு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாளைக்கா? நாளைக்கு ஆடி அஞ்சாம் வெள்ளி ஆச்சேம்மா. வீராம்பட்டினத்துல தேரு. ஊரே லீவு. பிரின்சிபாலம்மா மத்தியானமே சாவிய எடுத்துக்கினு ஊருக்குப் போயிட்டாங்க. நானே புள்ளைங்கள இட்டுக்கினு தேருக்குப் போறேன்.”

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த ஒருத்தி வீராம்பட்டினத் தேரை மறந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

“சமையக்கட்டு காலண்டர தெனம் நாந்தான கிழிக்கிறேன். ஒரு தரம் நிமுந்து பாத்தா கழுத்தா சுளுக்கிக்கும்?”

“சிரிக்காதப்பா. யாருமே இல்லாத காலேஜ்ல நான் யாருக்குப் பேசறது?”

“அவரையும் தேருக்கு இட்டுக்கினு போவலாம். பூட்டுன கதவக் காட்டறதுக்கு இது தேவல.”

மறுநாள் காலை காரிலிருந்து இறங்கிய குவபாராவைப் பார்த்து அப்பா, பழகிய பிரெஞ்சில் “போன்ழூர் முசியே” என்று கும்பிட்டார். கடல் கடந்து வந்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு முசியேதான். குவபாராவும் குனிந்து வணங்கி, “போன்ழூர்” என்றார். சுலோசனா நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. போட்டியில் இருந்த மற்ற இருவரும் முன்பே அவரிடம் குளுகுளு அரங்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு பேசி முடித்திருந்தார்கள்.

வீராம்பட்டினத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கவர்னர் வந்து வடத்தைத் தொட்டு இழுத்ததும் கூட்டம் ஓவென்று சேர்ந்து இழுத்தது. அரசாங்கத்தின் தலைவர் ஏன் இழுக்கிறார் என்று குவபாரா கேட்டார். பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கம், கொடி மாறினாலும் வழக்கம் மாறவில்லை என்று சொன்னாள். அவர் ரசித்துக் கேட்டார். ஆனால் வந்த காரியத்தை அவர் மறக்கவில்லை. கையில் கூழ் டம்ளரோடு நின்றபடியே மெதுவாகத் தொடங்கினார்.

“உங்கள் கட்டுரையில் ஒன்று இடிக்கிறது. வெளிநாட்டுச் சரக்கைத் தடுத்ததால்தான் ஜப்பானியத் தொழில் வளர்ந்தது என்கிறீர்கள். உங்கள் நாடும்தான் தடுத்தது. இங்கே ஏன் அப்படி வளரவில்லை?”

பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். நாற்பது பக்கம் எழுதியும் அதற்கு நறுக்கென்று ஒரு பதில் அவளுக்குக் கிடைத்ததில்லை.

அதற்குள் தேர் தெருமுனைக்கு வந்துவிட்டது. மில்லில் அப்பாவோடு வேலை பார்த்த காத்தவராயன் பெரிய மரக்கட்டை ஒன்றைச் சக்கரத்துக்கு அடியில் சரேலென்று செருகினார். சக்கரம் கட்டையில் மோதி, கிரீச்சென்று வழுக்கி, தேர் ஒரு பக்கமாகத் திரும்பியது. திரும்பிய அந்த நொடியே அவர் கட்டையை இழுத்துக்கொண்டு விலகினார். தேர் புதுத் தெருவில் ஓடத் தொடங்கியது.

சுலோசனா பேராசிரியரின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தேவிட்டாள்.

“அதோ பாருங்கள் சார். கட்டை தேரை நிறுத்துவதற்கு மட்டுமல்ல, திருப்புவதற்கும்தான். உங்கள் அரசாங்கம் இறக்குமதிக்குக் கட்டையைப் போட்டது, தொழிலைத் திருப்பியது, கட்டையை எடுத்துவிட்டது. எடுக்கப்போகிற நாளை முன்கூட்டியே கம்பெனிகளுக்குச் சொல்லியும் வைத்தது. நாங்கள் போட்ட கட்டையை எடுக்கவே இல்லை. தேர் திரும்பின இடத்திலேயே நின்றுவிட்டது.”

அதற்குமேல் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. தேர்ச் சக்கரம் பதிந்த மணலில் குச்சியால் கோடு போட்டு, எஃகு, கார், கப்பல் என்று ஒவ்வொன்றிலும் கட்டை எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது என்று காட்டினாள். அவர் குறுக்கே கேட்டார், இவள் மறுத்தாள், அவர் மறுபடி கேட்டார். கூழ் ஊற்றிய பெண்கள் கரண்டியும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பூட்டிய அரங்கத்தை அவள் அடியோடு மறந்துபோனாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் என்றுமே பாடம் நடத்தியதில்லை.

பேச்சு ஓய்ந்ததும் அப்பா தொண்டையைச் செருமினார்.

“முசியேகிட்ட ஒண்ணு கேளும்மா. நம்ம எறாலு கப்பல் கப்பலா ஜப்பானுக்குப் போவுது. ஆயுசு பூரா நான் துணி நெஞ்சேன். அத ஏன் அவங்க வாங்கல?”

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். குவபாரா டம்ளரைக் கீழே வைத்தார். அவளைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்து நிதானமாகப் பதில் சொன்னார். சுலோசனா மொழிபெயர்க்க மறந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாம்மா சொல்றாரு?”

“நல்ல கேள்வியாம்ப்பா. அதக் கண்டுபுடிச்சு ஒனக்குச் சொல்றதுக்குத்தான், ஒன் பொண்ண ஏப்ரல் மாசம் டோக்கியோவுக்கு வரச் சொல்றாரு.”

அப்பா பேராசிரியரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “மெர்சி முசியே, மெர்சி” என்று நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

“தேதி மட்டும் நீ சொல்லிடாத. புதுக் காலண்டர் வரட்டும், நான் பாத்துச் சொல்றேன்.”