துளி உடைந்த இடம்

அவர் சொன்ன இடத்தில் துளி உடையவில்லை. புத்தகம் சொன்ன இடத்தில் உடைந்தது. அங்கேதான் எங்கள் தலையில் இடி விழுந்தது.

என் வீட்டுக்காரர் எலியேசர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். நல்லெண்ணெய்க்குள் ஒரு துளி உப்புத் தண்ணீரைத் தொங்கவிட்டு, இரு பக்கமும் செப்புத் தகடு வைத்து மின்சாரத்தை ஏற்றுவதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஏற்ற ஏற்றத் துளி இரண்டு முனையிலும் கூராக நீளும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவிலுள்ள எல்லை ஒரு கட்டத்தில் தாங்காது, துளி சிதறிவிடும். புத்தகத்தில் போட்டிருப்பதைவிட ரொம்பக் குறைந்த மின்னழுத்தத்திலேயே சிதறுகிறது என்பது இவருடைய கண்டுபிடிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. நீட்டிப்பெல்லாம் வாங்கித் தீர்ந்தாயிற்று.

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன், கம்பெனி எண்ணெயிலும் ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார் வழிகாட்டி. அதுவரை பார்த்ததெல்லாம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து என் அம்மா சாரம்மாள் செக்கில் ஆட்டி அனுப்பிய எண்ணெய். கம்பெனி எண்ணெயில் துளி புத்தகம் சொன்ன மின்னழுத்தம் வரைக்கும் தாங்கித்தான் உடைந்தது. ஆய்வுக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோன நானும் பக்கத்தில் நின்றுதான் அந்தக் கண்றாவியைப் பார்த்தேன்.

“அத்தை எண்ணெயில என்னமும் சேக்காங்களா?” என்றார்.

“நல்லா கேட்டிய போங்க! எங்கம்மையா கலப்படம் பண்ணுவா? எள்ளு, கருப்பட்டி, வேற ஒண்ணும் கிடையாது.”

சொன்ன பிறகுதான் நான் சொன்னதே என் காதில் விழுந்தது. எங்கள் பக்கம் கருப்பட்டி போடாமல் எவன் எள் ஆட்டுகிறான்? எண்ணெய் பிரியவும் கசப்பு போகவும் போடுவது. அதைப் போய் யாராவது கலப்படம் என்பார்களா? ஆனால் அதன் ஈரமும் கசடும் எண்ணெயில் தங்கி, அந்த எல்லையைத் தளர்த்தியிருக்கிறது. இந்த மனுஷரோ கடையில் எண்ணெய் வாங்கித் தின்று வளர்ந்தவர்.

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “எவ்வளவு போடுதாங்கன்னு கேளு. அளவு தெரிஞ்சா அதையாவது எழுதித் தப்பிச்சிருவேன்.”

ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

“அதுக்கென்னட்டி அளவு? கைக்கு வந்ததப் போடுவேன்,” என்றாள் அம்மா. “மாப்ள படிப்புக்குப் போற எண்ணெய்லா? நெனச்சா நெனச்சா ஒரு கட்டி ரெண்டு கட்டி கூடத்தான் போடுவேன். ஏன், பத்தலைன்னாகளா?”

தடவைக்கு ஒரு அளவென்றால் இவர் எதை எழுதுவார்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார்மேல் காட்டுவது? பெற்றவளைத் திட்டவும் முடியாமல், கட்டினவரைத் தேற்றவும் முடியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவர் குனிந்து போனில் பேசினார். “எண்ணெய் நல்லா இருக்கு, அத்தை.”

“சந்தோசம் மாப்ள. வெள்ளிக்கிழமை குடுத்ததும் ஒரு வார்த்த சொல்லுங்க. ஞாயித்துக்கெழம சபையில ஸ்தோத்திரம் சொல்லணும்னு போதகர் ஐயர்ட்ட இப்பமே சொல்லி வச்சிட்டேன்.”

“சரி, அத்தை,” என்றார்.