மலைக்குப் பின்னால் போனவர்கள்

1

இந்தக் கதை வெகு தொலைவில் நடப்பதாக இருந்தது. பனி விழும் தீவு, கப்பலைத் தவறவிட்ட ஒருத்தி என்று இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். நான் பனியைப் பார்த்தது குளிர்பெட்டிக்குள் மட்டும்தான். அந்த நேரத்தில் எதிர்வீட்டு விமலா அக்கா கணுக்கால்வரை சேற்றோடு என் வேலியருகில் வந்து நின்றார்.

"குமுதா, நாங்க எங்க போயிட்டு வாரோம் தெரியுமா?"

கையை நீட்டிக் காட்டினார். சிம்பாங் பூலாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் நிற்கும் சுண்ணாம்பு மலை. தினமும் அதைப் பார்த்தபடிதான் துணி காயப்போடுகிறோம். அதன் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

தீவைக் கைவிட்டேன்.

2

முதல் வரி: "விமலாவின் கணவன் தேவன் ஒரு சோம்பேறி, அவன்

[வேண்டாம். கதைக்கு வசதி, ஆனால் பொய்.]

தேவன் அண்ணன் லோரி ஓட்டியவர். தாய்லாந்து எல்லைவரை அவருக்குத் தெரியாத சாலை கிடையாது. போன வருடம் இனிப்புநீர் நோய் அவர் பார்வையைத் தின்றுவிட்டது. வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். அதன்பிறகு மருத்துவமனையைத் தவிர வேறெதற்கும் அவர் வாசல் தாண்டவில்லை. பேச்சும் குறைந்துபோனது. தட்டில் சோறு காய்ந்து கிடக்கும். தான் பக்கத்து அறையில் படுத்து அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதாக அக்கா ஒருமுறை சொன்னார்.

3

சனிக்கிழமை காலை அக்கா கார்ச் சாவியை எடுத்தார். (சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டுபவர்.)

"வாங்க, ஒரு எடத்துக்குப் போலாம்."

"பாக்க முடியாதவனுக்கு எடம் எதுக்கு?"

"மலைக்குப் பின்னால. நானும் பாத்ததில்ல."

"அங்க என்ன இருக்கு?"

"தெரியல லா. அதான் கூப்புடுறேன்."

'அவர் முகம் மலர்ந்தது' என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டு அந்த வரியை அடித்துவிடச் சொன்னார். அண்ணன் காலில் போடும் சப்பாத்து எங்கே என்று மட்டும்தான் கேட்டாராம்.

4

முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம் இப்போது செம்பனை எண்ணெய்த் தோட்டம். செம்மண் பாதை ஓடைக்கரையில் முடிந்தது. காரை நிறுத்திவிட்டு இருவரும் நடந்தார்கள். மலையடியில் ஒரு குகை வாய். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அக்கா கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் போனார். வளைவில் கால் வழுக்கியது. கைப்பேசி தண்ணீரில் விழுந்து அணைந்தது.

"ஏங்க, ஒண்ணும் தெரியல. பயமா இருக்கு."

"எனக்கு தினமும் இப்படித்தான். என் சட்டையப் புடி."

அண்ணன் இடது கையால் பாறையைத் தடவினார். காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். "காத்து இந்தப் பக்கமிருந்து வருது, வா." ஒரு வருடமாக அவர் கையைப் பிடித்து நடத்திய அக்கா இப்போது அவர் பின்னால் நடந்தார்.

[இங்கே வௌவால்களை விட ஆசைப்பட்டேன். இருந்ததா என்று கேட்டேன். "இருந்திருக்கும். நாந்தான் கண்ண மூடிக்கிட்டேனே" என்றார் அக்கா. கும்மிருட்டில் கண்ணை மூடிக்கொள்ளும் ஒருவரை என்னால் கற்பனை செய்திருக்க முடியாது.]

5

மறுமுனையில் வெளியே வந்தபோது சுற்றிலும் பாறைச் சுவர், மேலே வட்டமாக வானம். யாரும் வெட்டாமல் விட்ட சில பழைய ரப்பர் மரங்கள். எங்கோ 'டப்' என்றது.

"ரப்பர் கொட்டை வெடிக்குது," என்றார் அண்ணன். பிறகு, "வேற என்ன இருக்கு? சொல்லு."

அக்கா சொன்னார். அவர் "அந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதிகம் பேசாத அக்கா தொண்டை வறளும்வரை பேசினாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன். "அது அவருக்குச் சொன்னது" என்றார். ஆகவே இந்தக் கதையில் அது இல்லை.

திரும்பும்போதும் அண்ணனே முன்னால் நடந்தார்.

6

முதல் முடிவு: அவருக்குப் பார்வை திரும்பி

[வெட்கமாக இருக்கிறது.]

இரண்டாம் முடிவு: மறுநாளே அவர் பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். இது நம்பும்படி இருந்ததால் வைத்துக்கொள்ள நினைத்தேன். இன்று காலை அதைத் திருத்திக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தேன். தேவன் அண்ணன் காரில் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எட்டி ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். அக்கா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"எங்கக்கா?"

"அவரத்தான் கேக்கணும்."

கார் சந்து முனைக்குப் போய் நின்றது. இடது பக்கம் சந்தை. வலது பக்கம் கேமரன் மலைக்குப் போகும் சாலையும் அதிலிருந்து பிரியும் பெயர் தெரியாத பாதைகளும். நான் பேனாவை மூடிவிட்டேன். எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லுங்கள். அக்கா இன்னும் சிக்னல் போடவில்லை.