ஏணி சுமந்த தோள்

வீட்டுக்காரரின் இடது தோள் வலதைவிட இறங்கியிருக்கும். ஆயுசெல்லாம் கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் ஏணி சுமந்த லைன்மேன் தோள் வேறெப்படி இருக்கும்? கல்யாணமான புதிதில் யாரோ அதைச் சொல்லிச் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இவள் அவருடைய எல்லாச் சட்டையிலும் அந்தப் பக்கம் உள்ளே துணி மடித்து வைத்துத் தைத்துவிடுவாள். தையல்காரி பொண்டாட்டி இருக்கும்போது ஊர் வாய்க்கு அவர் ஏன் அவலாக வேண்டும்? அவள் தைத்த சட்டையைப் போட்டு நின்றால் இரண்டு தோளும் சமமாகத்தான் தெரியும்.

இப்போது அவருக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்திருந்தது. போகப்போக ஆட்களும் மறந்துபோவார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் எங்கேயாவது போய்விட்டு வாருங்கள் என்று மகள்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். எங்கே போகலாம் என்று கேட்டதற்கு அவர் சொன்னது ஒரே வார்த்தை, கடல். இவள் கேட்டதோ, டிவியில் பார்த்து வாய்பிளந்த அந்த வெளிநாட்டுக் கார்னிவல் திருவிழா. நல்லவேளை, அந்த ஊரிலிருந்து பஸ் ஏறினால் பக்கத்திலேயே கடற்கரை ஊர் ஒன்று இருந்தது. முதலில் கார்னிவல், மறுநாள் கடல் என்று இவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"கூட்டத்துல அப்பா கைய விட்றாதம்மா" என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள்.

"எனக்கே பாடமா? போடி" என்றாள் இவள்.

கூட்டத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று அவருக்குக் கண்ணைப் பறிக்கிற மஞ்சளில் சட்டை தைத்திருந்தாள். தெருவில் இறங்கிப் பார்த்தால் அன்றைக்கு ஊரே மஞ்சள். மேளக்காரன் மஞ்சள், ஆடுகிறவள் மஞ்சள், வேடிக்கை பார்க்கிறவனும் மஞ்சள். சொந்தச் செலவில் சூனியம் என்பது வேறென்ன?

"கடலுக்கு எப்பப் போறோம்?" என்று கேட்டார் அவர்.

"நாளைக்குங்க."

கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்டார். "நாளைக்குன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று எரிந்து விழுந்தாள்.

அப்போதுதான் சிறகும் ஜிகினாவுமாக ஓர் ஆட்டக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். பாவாடை ஓரம் முழுக்க மணிகள். இவ்வளவு கனத்தை எந்தத் தையல் தாங்குகிறது? தையல்காரி புத்தி சும்மா இருக்குமா? குனிந்து, இரண்டு கையாலும் ஓரத்தைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவர் இல்லை.

போலீஸ்காரரிடம் ஓடி, செல்போனில் இருந்த படத்தைக் காட்டினாள். போலீஸ்காரர் படத்திலிருந்த மஞ்சள் சட்டையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், கையை விரித்தார். பாஷை தெரியாவிட்டாலும் அது புரிந்தது. எத்தனையோ மஞ்சள் முதுகுகளைத் தொட்டுத் திருப்பினாள், ஒன்றும் அவருடையது இல்லை. அந்தத் தோள் மட்டும் வெளியே தெரிந்திருந்தால் தெருக்கோடியிலிருந்தே சொல்லியிருப்பாள். பாவி, அதையும் ஒளித்து வைத்துத் தைத்தது இவள் கைதானே. நடைபாதையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கடல் கேட்ட மனுஷனை இங்கே இழுத்துவந்து தொலைத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கடல் என்றதும் அழுகை நின்றது. தெருமுனையில் அலையின் படம் போட்ட பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. எந்த பஸ்ஸிலும் காட்டி ஏறிக்கொள்ளும் அட்டையை, தொலைத்துவிடப் போகிறார் என்று, காலையில் இவள்தான் அவர் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தாள். விழுந்தடித்துப் போய் ஏறினாள்.

கடற்கரையில் வெயில் தாழ்ந்திருந்தது. மணல் முழுக்கச் சட்டையில்லாத முதுகுகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். தண்ணீர் ஓரத்தில், கணுக்கால் நனைய ஒருவர் நின்றிருந்தார். இடது தோள் இறங்கியிருந்தது. கையில் மஞ்சள் சட்டை.

"என்னங்க" என்று ஓடினாள்.

அவர் திரும்பி, மரியாதையாகச் சிரித்தார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தைப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

"அம்மா, நம்ம ஊரா நீங்க? கொஞ்சம் இந்தச் சட்டையப் பிடிச்சுக்கிறீங்களா? எங்க வீட்டுக்காரி தைச்சது. நனைஞ்சா திட்டுவா."

இவள் கையை நீட்டிச் சட்டையை வாங்கிக்கொண்டாள்.

"நனையட்டும், நீங்க போங்க" என்றாள். "அவ இனிமே திட்ட மாட்டா."