இறக்குவதற்கு எதற்கு மெஷின்

தங்கபாண்டி புது யோசனையோடு வந்தாலே அவன் தங்கை பூமாரிக்குப் பயம்தான். இந்த முறை யோசனை ஒரு வாடகை ஜீப்பின் முன்னால் பூட்டியிருந்தது.

அது ஒரு வின்ச்சு. கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி இழுக்கும். பள்ளத்தில் விழுந்த லாரியையே தூக்கிவிடுமாம். வலியசாலையில், மரம் வெட்டக் கூப்பிட்டிருந்த கிருஷ்ணவேணி மாமி வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, தலைப்பிள்ளை பெற்றவன் மாதிரி இளித்துக்கொண்டு நின்றான்.

"எண்ணே, இழுக்குத மெசின் நமக்கு எதுக்கு? நமக்கு வேணும்கது எறக்குத சாமான். நான் சொன்ன உருளை என்னாச்சு?"

"அது வெறும் இரும்புக் குழாய்ட்டி. சுத்தாது, இழுக்காது. மரக்கொம்பு எறங்குததுக்கு எதுக்கு மெசின்? வெட்டுனா அதுவே தானா எறங்கும்லா!"

பூமாரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மரம் வெட்டும் இந்தக் குழுவில் அவள் புருஷன் பிச்சைக்கனிதான் ஏறி வெட்டுகிறவன். கீழே கயிறு பிடிப்பவள் அவள். இதுவரை பக்கத்துத் தென்னையில் கயிற்றைச் சுற்றி, உள்ளங்கை எரிய எரிய இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய மரங்களுக்கு அது போதாது. கரமனையில் வேறொரு குழு வேலை செய்ததை அவள் நின்று பார்த்திருக்கிறாள். மரத்தடியில் பட்டையால் கட்டிய ஓர் இரும்பு உருளை, அதில் கயிறு நாலைந்து சுற்று. அறுபட்ட கொம்பு விழும்போது கயிற்றைக் கொஞ்சம் ஓடவிட்டு, பிறகு மெல்ல இறுக்கினார்கள். யானை பாரக் கொம்பு பூனை மாதிரி இறங்கியது. அன்றிலிருந்து அண்ணனிடம் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

பிச்சைக்கனியோ மச்சான் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவன். "மச்சான் பாத்துத்தான் செய்வாரு" என்று மரமேறும் இடுப்பு வாரைக் கட்டிக்கொண்டான். பெண் கொடுத்த வீட்டுக்குக் காட்ட வேண்டிய மரியாதையாம். அந்த மரியாதையைத் தூக்கி உடைப்பில் போட வேண்டும் என்றிருந்தது பூமாரிக்கு.

வெட்ட வேண்டிய அயனி மரம் வீட்டுக்குப் பின்னால் நின்றது. அந்தத் தெருவில் எல்லா வீடும் சுவரோடு சுவர் ஒட்டியவை. பின்கட்டுக்குப் போக வீட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். ஜீப் எப்படிப் போகும்? தங்கபாண்டி அதற்கும் வழி கண்டுபிடித்தான். ஜீப் தெருவிலேயே நின்றது. கயிறு வாசல் வழியாக நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுக்களை வழியாக மரத்தடியில் கட்டிய கப்பிக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறி, ஒரு கவட்டையில் புகுந்து, வெட்ட வேண்டிய கொம்பில் முடிந்தது.

"கொள்ளாம், ரொம்ப நன்னாருக்கு!" என்றாள் மாமி, கரண்டியும் கையுமாக. "அடுக்களைக்கு நடுவுல கயிறு! நான் கூட்டானைக் கிளறறதா, கயித்தைத் தாண்டறதா?"

தெருவில் ஜீப்பில் இருக்கும் தங்கபாண்டிக்கு மரம் தெரியாது. ஜீப் இரைச்சலில் போன் மணியும் கேட்காது. ஆகவே பூமாரி பின்கட்டிலிருந்து கத்த, மாமி அதை வாங்கி வாசலுக்கு ஓடிக் கத்த வேண்டும் என்று ஏற்பாடு. இழுக்கச் சொன்னால் மாமி போய்ச் சேர்ந்த பிறகுதான் வின்ச்சு இழுத்தது. நிறுத்தச் சொன்னால் அடுப்பைத் தணித்துவிட்டுப் போனாள்.

பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேலே நீண்டிருந்த பெரிய கொம்பில் பிச்சைக்கனி ரம்பத்தை வைத்தான். கொம்பு முறிந்து சரிந்தது. அந்த நேரம் கயிறு ஓடியிருக்க வேண்டும். வின்ச்சு ஓரங்குலம் விடவில்லை. விழுந்த பாரம் வெடுக்கென்று நின்றதில் மரமே குலுங்க, பிச்சைக்கனி மரத்தண்டில் மோதி, வாரில் தலைகீழாகத் தொங்கினான். ஓட்டுப் பக்கம் ஆடிப் போன கொம்பு திரும்பி அவனை நோக்கியே வந்தது.

"விடச் சொல்லுங்க மாமி! விடச் சொல்லுங்க!"

மாமி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். பூமாரி கயிற்றைப் பிடித்து உலுக்கினாள். அது கம்பியாக விறைத்துக் கிடந்தது. அவள் கையால் ஆவது ஒன்றுமே இல்லை. கொம்பு அவன் காதோரம் உரசிக்கொண்டு போய், மறுபடியும் வந்து, மறுபடியும் தப்பியது. அதற்குப் பிறகுதான் கயிறு இம்மி இம்மியாக இறங்கத் தொடங்கியது.

பிச்சைக்கனி கீழே வந்தபோது தோள் தோலுரிந்து ரத்தம் கசிந்தது. தங்கபாண்டி உள்ளே ஓடிவந்து, முதல் காரியமாகக் கயிற்றைத் தடவிப் பார்த்தான்.

"பாத்தியாட்டி? கயிறு அறுபடவே இல்ல! என்ன பிடி பிடிச்சிருக்கு பாரு!"

"ஆமா மச்சான்," என்றான் பிச்சைக்கனி, தோளில் கசிந்த ரத்தத்தைத் துடைத்தபடி.

பூமாரிக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது. இரண்டு பேரில் யாரை முதலில் அறைவது என்று தெரியவில்லை. புருஷன் இடுப்பு வாரை அவிழ்த்து அண்ணன் கையில் திணித்தாள்.

"அடுத்த கொம்புக்கு நீ ஏறு. ஒந்தங்கச்சி மாப்பிள ஜீப்புல ஒக்காரட்டும்."

"நானா? ஏறுனா என்ன, நான் ஏறாத மரமா?" என்று வீறாப்பாக வாரைக் கட்டினான். அடிமரத்தில் ஒரு காலை ஊன்றி மேலே பார்த்தான். அந்தக் கால் அங்கேயே நின்றது.

"ஏட்டி, வெட்டுனதும் கயிறு கொஞ்சம் விட்டுக் குடுக்கும்லா?"

"குடுக்காது. நீ கொண்டாந்த மெசின்தான? பிடிச்சா விடாது."

தங்கபாண்டி பிச்சைக்கனியின் தோளைப் பார்த்தான். அப்போதுதான் அதை உண்மையிலேயே பார்த்த மாதிரி இருந்தது. காலை எடுத்துக் கீழே வைத்தான். வாரை அவிழ்த்தான்.

"சரி, அந்தக் குழாய நாளைக்கு வாங்கிருவோம்," என்றான் தரையைப் பார்த்தபடி. "இன்னைக்கு மட்டும், சின்னக் கொம்பா ரெண்டு..." என்று வாரைப் பிச்சைக்கனியிடம் நீட்டினான்.

பிச்சைக்கனி வாரைப் பார்த்தான், வாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட மச்சானிடம் சொல்லாத வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது.

"மாட்டேன் மச்சான்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவள் போல, பூமாரி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.