கோவில் புத்தகப் பெட்டி

மலாய் நாட்டில், ஜப்பான்காரன் காலத்தில், கஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் முப்பத்தெட்டுத் தமிழ்ப் புத்தகங்கள். எல்லாம் எங்கள் கத்தோலிக்கக் கோவிலுக்குச் சொந்தம், சண்டைக்கு முன்னால் நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்தவை. பாவசங்கீர்த்தனம் எதற்கு, மாதாவை ஏன் வணங்குகிறோம், செத்தவர்கள் பாவம் தீர வேதனைப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று யாராவது மடக்கினால் பதில் சொல்ல அவற்றில் ஆதாரம் இருந்தது. பெட்டியைச் சாமியார் என் பொறுப்பில் விட்டிருந்தார். அந்தப் புத்தகங்களை வைத்து நான் பல பேரை வாதத்தில் வாயடைக்க வைத்திருக்கிறேன். சின்னப்பாவிடம் வாய் கொடுக்காதே என்று பக்கத்து ஊரான செமாபோக் வரைக்கும் பேச்சு.

முதல் புத்தகத்தை விற்றது என் மனைவி சவரியம்மாளுக்குக் காய்ச்சல் வந்தபோது. ஜாலான் பெண்டஹாரா தெருவில் புகையிலைக் கடை வைத்திருந்த சுப்பையன் மெல்லிய தாளுக்கு அலைந்துகொண்டிருந்தான். ஊரில் காகிதமே இல்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "சுருட்ட நல்லா இருக்கும்" என்றான். ஒரு டின் அரிசி கொடுத்தான். அவள் கஞ்சி குடித்துத் தேறினாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பிறகு போன முப்பத்தேழும் அரிசிக்காகப் போகவில்லை. எனக்குப் புகையிலை இல்லாமல் இருக்க முடியவில்லை. சவரியம்மாள் மரவள்ளித் தோட்டத்துக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றாக வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போவேன்.

பக்கத்து வீட்டில் ருக்மணி இருந்தாள். இந்துப் பெண். அவள் புருஷன் நல்லையா என்னிடம்தான் ஞானோபதேசம் படித்து ஞானஸ்நானம் வாங்கினான். அவள் மாறவில்லை, அவனும் வற்புறுத்தவில்லை. அவனை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வருஷம் கழித்து, தப்பித்து வந்த ஒருவன் செய்தி கொண்டுவந்தான். வாந்திபேதியில் போய்விட்டானாம். எல்லாரையும் ஒரே குழியில் போட்டு மூடினார்களாம்.

பத்து நாள் கழித்து ருக்மணி வந்தாள். கண்ணீர் இல்லை.

"அண்ணே, அவர் படிச்ச புத்தகமெல்லாம் எனக்கு வேணும். எதை நம்பிக்கிட்டுச் செத்தாருன்னாவது தெரிஞ்சுக்கிறேன்."

பெட்டி அப்போது காலி. என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"ஜப்பான்காரன் வந்து தூக்கிட்டுப் போயிட்டாம்மா."

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "உங்களை அடிச்சானா?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி கோவில் முழுக்கப் பரவிவிட்டது. பூசை முடிந்ததும் ஆண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். விசுவாசத்துக்காக அடிபட்டவன் என்று முன்வரிசையில் இடம் விட்டார்கள். யாரோ ஒரு அம்மாள் இரண்டு முட்டை கொடுத்தாள். அந்தக் காலத்தில் முட்டை! வாங்கிச் சாப்பிட்டேன். சவரியம்மாளுக்கு உண்மை தெரியும் என்று நினைக்கிறேன். தன் பங்கு முட்டையை அவள் தொடவே இல்லை.

ஒன்றரை மாதம் போனது. ஒரு சாயங்காலம் ருக்மணி ஒரு துணிமூட்டையோடு வந்து அதை என் முன்னால் அவிழ்த்தாள். உள்ளே தாள்கள். கிழிந்ததும் கசங்கியதும் புகையிலைக் கறை பிடித்ததுமாக ஐம்பது அறுபது இருக்கும்.

"சுப்பையன் கடையில பார்த்தேண்ணே. ஜப்பான்காரன் அவங்கிட்ட வித்திருக்கான் போல. எங்க வீட்டுக்காரர் சேர்த்து வச்சிருந்த பழைய பத்திரிகைக் கட்டைக் கொடுத்து மாத்திக்கிட்டு வந்தேன். நீங்க அடிபட்டுக் காப்பாத்தப் பார்த்ததாச்சே, வீணாப் போகக் கூடாதுன்னுதான்."

அதில் ஒரு தாளைத் தனியாக எடுத்து நீட்டினாள். அடிவரியில் ஒரு கேள்வி: மரித்தவர்களுக்காக நாம் செய்யும் ஜெபம் அவர்களுக்குப் போய்ச் சேருமா?

"கேள்வி இருக்கு. பதில் உள்ள தாளைத்தான் காணோம். எத்தனையோ நாள் தேடிட்டேன்."

அந்தப் பதிலை என்னால் ஒரே மூச்சில் ஒப்பித்திருக்க முடியும். எத்தனையோ பேரை அதை வைத்துத் தோற்கடித்திருக்கிறேன். அன்றைக்கு அதை ஒப்பிக்கவில்லை.

"ருக்மணி, ஜப்பான்காரன் யாரும் வரல. நான்தான் வித்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். எதற்காக விற்றேன் என்பதையும் சொன்னேன். முட்டையைப் பற்றிக்கூடச் சொன்னேன்.

நீட்டிய தாளை மூட்டையில் திரும்ப வைத்தாள்.

"பசிக்கு வித்திருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். "அவரோட பத்திரிகை எல்லாத்தையும் கொடுத்துட்டேனே. அவர் கையெழுத்து இருந்துச்சு அதுல."

நான் சிதறிக் கிடந்த தாள்களை அடுக்கினேன்.

"சரி, இதுக்காவது பதில் சொல்லுங்க. போய்ச் சேருமா? ஞானஸ்நானம் வாங்காதவ நான். நான் வேண்டிக்கிட்டா அவருக்குப் போய்ச் சேருமா?"

"சேரும்."

"எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"இப்ப என்னால எதையும் காட்ட முடியாதும்மா. ஆனா சேரும்."

தாள்களை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வெளியே நின்றபோது, புத்தகங்களைப் புகையிலைக்கு விற்றது நான்தான் என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் திட்டவில்லை, அதைவிடத் திட்டியிருக்கலாம். முட்டை கொடுத்த அம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள். காலிப் பெட்டியைச் சாமியார் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். அந்த வாரத்திலிருந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

ருக்மணி என்னோடு பேசவில்லை. நவம்பரில், மரித்தவர்களுக்கான பூசையன்று, கோவில் வாசலுக்கு வெளியே முக்காடிட்டு நின்றிருந்தாள். பூசை முடியும்வரை உள்ளே வரவில்லை. நான் விலகிப் போகப் பார்த்தேன். அவளே கூப்பிட்டாள்.

"தினமும் வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க பேச்சை நம்பி இல்ல."

"சரிம்மா" என்றேன்.