ஏழு எண்ணும் வரை

நாற்பத்தொரு நோட்டிலும் ஒரே தப்பு. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் ஐந்தில் இரண்டாம். முதல் நோட்டில் சிவப்பு மையால் சுழித்தேன். ஐந்தாவது நோட்டுக்கு வந்தபோது, ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதியிருக்கிறான், வரட்டும், தோலை உரிக்கிறேன் என்று கறுவிக்கொண்டேன். பத்தாவது நோட்டில் பேனா நின்றுவிட்டது. அது முதல் பெஞ்சுக்காரியின் நோட்டு. செத்தாலும் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்காதவள். அவளும் ஐந்தில் இரண்டு என்று அழகாக எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அக்காவுக்கு அறுவை சிகிச்சை என்று நான்கு நாள் விடுப்பில் போய்விட்டு அன்றுதான் வந்திருந்தேன். அந்த நான்கு நாளும் ஆறாம் வகுப்பின் மூன்று பிரிவுகளுக்கும் என் வீடியோதான் பாடம் நடத்தியது. முதல் பெஞ்சுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்கதான் மிஸ் போட்டீங்க. இதே மாதிரிதான் எல்லாக் கணக்கும்னு சொன்னீங்க" என்றாள். பயமே இல்லாமல் சொன்னாள். பொய் சொல்கிற பிள்ளை அப்படிச் சொல்லாது.

எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது, பாடம்தான். நான் கணக்கு. எனக்குப் பக்கத்து நாற்காலி அறிவியல். பதினெட்டு வருடமாக ஒரே மேஜையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர்கள் நாங்கள். அவள் பிரசவத்துக்குப் போனபோது அவள் வகுப்பையும் சேர்த்து நான் எடுத்தேன். என் மாமியாரோடு எனக்கு என்ன தகராறு என்பது என் கணவருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். போன வருடம் வகுப்புக்கு வகுப்பு கரும்பலகையை மூடித் தொடுதிரையை மாட்டினார்கள். எனக்கு அதெல்லாம் சுட்டுப்போட்டாலும் வராது. முதல் நாள் விரலால் தொட்டதும் போட்ட கணக்கெல்லாம் மாயமாக மறைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அவள்தான் கற்றுக்கொடுத்தாள். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தினமும் மதியம் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டு என்னைக் காலி வகுப்புக்கு இழுத்துப் போவாள். "ஏய் கணக்கு, பயப்படாதடி, அது கடிக்காது." வட்டம் வரைய, வரைந்ததைத் துண்டு போட, துண்டுக்கு நிறம் கொடுக்க, தப்பாய்ப் போனால் ஒரு படி பின்னால் போக. மூன்றே மாதத்தில், ஒரு ரொட்டியைத் திரையில் ஆறாக வெட்டி அதில் ஐந்தைத் தனியே நகர்த்திக் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன். பின் வரிசைத் தூங்குமூஞ்சி ஒருவன் எழுந்து நின்று, "ஓ, இதுதானா மிஸ்!" என்றான். அன்று வீடு வரை சிரித்துக்கொண்டே நடந்தேன்.

பிறகு வீடியோ. "லீவு போட்டாக்கூட உன் பாடம் நிக்காது பாரு" என்றாள். பள்ளி விட்டதும் காலி பெஞ்சுகளுக்கு முன்னால் நான் நிற்பேன், அவள் படம் பிடிப்பாள். இங்கேதான் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பின்னக் கூட்டலுக்கு வந்தால் நான் முதலில் வேண்டுமென்றே தப்பாய்ப் போடுவேன். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டுத் திரும்பி, வாய் திறக்காமல் நிற்பேன். மனதுக்குள் ஏழு எண்ணுவேன். ஏழுக்குள் எவனாவது "மிஸ், தப்பு!" என்று கத்திவிடுவான். "எப்படிடா தப்பு?" என்பேன். "அரையோட இன்னொண்ணைச் சேர்த்தா அரையை விடக் குறையுமா மிஸ்?" என்று அவர்களே பிடித்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். டீச்சரையே மடக்கிய கணக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

வீடியோவிலும் அப்படியே செய்தேன். தப்பாய் எழுதிவிட்டுக் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவள் சிரித்தாள். "யாருக்குடி காத்திருக்க, பெஞ்சுக்கா?" அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி குரலை மாற்றிக்கொண்டு அவளே கத்தினாள்: "மிஸ், தப்பு!" இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் திருத்திப் போட்டேன். முடிவில், "இதே மாதிரிதான் எல்லாக் கணக்கும்" என்று சொன்னேன்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் அவளுக்கு வீடியோ பாடங்களின் ஒருங்கிணைப்பாளர் பதவி வந்தது. எல்லா வீடியோவையும் எட்டு எட்டு நிமிடமாக நறுக்க வேண்டும் என்பது உத்தரவு. நறுக்கிவிட்டாள். நோட்டுகளைத் திருத்திய அன்று சாயங்காலம்தான் அதைப் போட்டுப் பார்த்தேன். நான் ஏழு எண்ணிய மௌனம் போயிற்று, அவள் கத்தியது போயிற்று, நான் திருத்தியதும் அதோடு போயிற்று. தப்பை எழுதிய கை அப்படியே நின்று, அடுத்த நொடி, "இதே மாதிரிதான் எல்லாக் கணக்கும்" என்கிறது. பார்க்காமல் நறுக்கியிருக்கிறாள், அவ்வளவுதான். இது வரைக்கும் எனக்குக் கோபமே இல்லை. யாருக்கும் கை தவறும்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியை கூப்பிட்டார். அறையில் அறிவியல் முன்பே உட்கார்ந்திருந்தாள். ஒரு பிள்ளையின் அப்பா, கூட்டல் தெரியாதவரை வைத்துப் பாடம் நடத்துகிறீர்களா என்று கடிதம் எழுதியிருந்தார். கீழே எட்டுப் பெற்றோரின் கையெழுத்து. மேஜை மேலிருந்த கணினியில் என் முகமும், பக்கத்தில் ஐந்தில் இரண்டும்.

"இது நீங்கதானே டீச்சர்?"

"நான்தான் மேடம். ஆனா இதுக்கப்புறம் திருத்துவேன். அதை வெட்டிட்டாங்க. முழு வீடியோ இவங்ககிட்ட இருக்கு."

தலைமை ஆசிரியை அவள் பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன். எனக்குக் கொஞ்சம்கூடக் கலக்கம் இல்லை. வகுப்பில் நிற்பது போலவே நின்றேன். தப்பு எதிரே திரையில் இருக்கிறது, அதைத் தப்பு என்று கத்தியவளே பக்கத்தில் இருக்கிறாள். என்னையும் அறியாமல் மனதுக்குள் எண்ணத் தொடங்கியிருந்தேன். நான்கு. ஐந்து. அவள் பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். ஏழும் ஆயிற்று.

"பழசையெல்லாம் இடம் அடைக்குதுன்னு அழிச்சுட்டேன் மேடம்" என்றாள். "டீச்சர் குடுத்ததை நீளம் மட்டும்தான் குறைச்சேன். அவங்க திருத்தினாங்களான்னு எனக்கு ஞாபகம் இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்ன என்று அன்றுதான் நேரில் பார்த்தேன். தலைமை ஆசிரியை நல்லவர்தான், குரலை உயர்த்தக்கூட இல்லை. "திங்கட்கிழமைலேர்ந்து வெளியே வாங்கின வீடியோ ஓடட்டும். நீங்க வகுப்புல சத்தம் வராம பாத்துக்கிட்டாப் போதும். பாடம் நடத்த வேண்டாம்" என்றார். இருபத்திரண்டு வருட வாத்தியாரம்மாவை வாயில்காவலுக்கு அனுப்ப அவருக்கு இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது.

கைகழுவும் குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"நீதானே கத்தின? சொல்லுடி. நீதானே கத்தின?"

அவள் கையை மறுபடி மறுபடி கழுவினாள். "எனக்கு இந்தப் பொறுப்பு வந்து மூணு மாசம்தான் ஆகுது. முதல் தப்பே இதுன்னா தூக்கிடுவாங்க. உனக்கு இருபத்திரண்டு வருஷப் பேர் இருக்கு கணக்கு, தாங்கும். எனக்குத் தாங்காது."

அடிப்பாவி! என் பெயரை எடுத்து இவள் ஓட்டைக்கு அடைப்பு வைத்துக்கொண்டாள். அதைவிட வயிறு எரிந்தது, என்னைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டாளே என்றுதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. அந்தப் பாழாய்ப்போன மனசு எனக்கு உண்டு.

அன்று வெள்ளிக்கிழமை. கடைசிப் பாடவேளை ஆறாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு. எனக்கு மிச்சமிருந்த ஒரே வகுப்பு அதுதான். உள்ளே போய்த் திரையைப் போட்டேன். யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. அந்த வீடியோவையே ஓட விட்டேன். திரையில் இருப்பவள் எழுதினாள்: ஐந்தில் இரண்டு. அந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினேன். அவள் கையை உயர்த்தியபடி அப்படியே நின்றாள். இப்படி நிறுத்தலாம் என்று அறிவியல் எனக்குக் கற்றுக்கொடுத்தபோது, "ஆனா வகுப்புல நிறுத்தாத, ஓடவிடு, பசங்க சத்தம் போடுவாங்க" என்று சொன்னாள்.

திரைக்குப் பக்கத்தில், என் படத்துக்கு அருகிலேயே போய் நின்றேன். வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் நோட்டைப் பார்த்தார்கள், நோட்டில் என் சிவப்புச் சுழியைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள். யாரோ பென்சிலைக் கீழே போட்டார்கள். முதல் பெஞ்சுக்காரியின் கை பாதி வரை எழுந்து, படத்தில் இருப்பவளிடம் கேட்பதா பக்கத்தில் இருப்பவளிடம் கேட்பதா என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

கதவுக்கு வெளியே, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறிவியல் போய்க்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தாள். நின்றாள்.

நான் ஐந்து வரை எண்ணியிருந்தேன். அவளைப் பார்த்ததும், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.