கண்ணாடிக்குள் நடந்த நடை

பாக்கியராஜுக்குப் பொய் சொல்ல வராது. காய்கறி வேன் ஓட்டிய காலத்தில், அழுகல் தக்காளியை நல்ல சரக்கு என்று சொல்லச் சொன்ன முதலாளியிடமே சண்டைக்கு நின்றவர். அப்பேர்ப்பட்ட மனுசர் சொன்ன ஒரே ஒரு பொய், அதுவும் முழுப் பொய்கூட இல்லை, அவரை அந்தப் பாடு படுத்திவிட்டது.

வேன் கவிழ்ந்து முதுகெலும்பு நொறுங்கி மூன்று வருசம். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஆனால் அதே கால்கள் நெருப்பில் வைத்ததுபோல எரியும். இது என்ன கொடுமையோ! அந்த எரிச்சலுக்காகத்தான் 2008-ல் திண்டுக்கல் சிகிச்சை மையத்துக்கு, தலையில் மாட்டினால் கண்ணுக்கு முன்னால் படம் ஓடும் பெரிய கண்ணாடி ஒன்றைச் சோதனைக்காகக் கொண்டுவந்திருந்தார்கள்.

"அண்ணே, நல்லாக் கேட்டுக்கங்க," என்றாள் பிசியோதெரபி பார்க்கும் பானுப்ரியா. "உள்ள நீங்க நடக்குற மாதிரியே தெரியும். மூளையை ஏமாத்தி வலியைக் குறைக்கிறோம், அம்புட்டுதான். நெசமா நடக்க வைக்காது."

தலையாட்டினார். கண்ணாடியை மாட்டியதும் ஒரு செம்மண் பாதை. குனிந்தால் இரண்டு கால்கள், வலது, இடது, வலது. எரிச்சல் அடங்கியது. மனுசர் ஓவென்று அழுதுவிட்டார்.

வெளியே பெஞ்சில் மனைவி மரியசெல்வி காத்திருந்தாள். சக்கர நாற்காலி வாசலைத் தாண்டியதும் ஓடி வந்தாள். "என்னங்க, கண்ணெல்லாம் செவந்திருக்கு?"

"நடந்தேன் செல்வி."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று வருசமாகக் காணாத முகம். 'கண்ணாடிக்குள்ளே' என்ற மிச்சத்தை அவரால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று விழுங்கினார். வீட்டில், விடியட்டும் என்று விட்டார். விடிந்தபோது அவரை அவருடைய தம்பி கிளெமென்ட்டிடம் விட்டுவிட்டு, கொடைரோட்டில் அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லி அவள் கிளம்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் திரும்பினாள். கையில் வேளாங்கண்ணி மாதா எண்ணெய். தலையை மூடியிருந்த முந்தானையை விலக்கினாள். ஊரே கண்வைத்த கூந்தல் போய், மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது.

"நேந்திருந்தேங்க. நீங்க ஒரு எட்டு எடுத்து வச்சா முடி எறக்குறேன்னு. மாதாவைக் காக்க வைக்கலாமா?" நாலடி தள்ளி நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். "செத்த நடந்து காட்டுங்க."

அவர் சொன்னார். கண்ணாடி, செம்மண் பாதை, பானுப்ரியா சொன்னது, அத்தனையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் கைகள் நீட்டியபடியே இருந்தன.

"என்னைய வைஞ்சிரு செல்வி. எதாச்சும் சொல்லு."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அவருடைய பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணெயை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள்.

"முடிதானே," என்றாள். "அது வளந்துரும்."

அவள் தேய்ப்பது அவருக்குத் தெரியவில்லை. பாதத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்த கண்ணீரையும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.